கேட்டதைத்தான் கொடுத்தது!

ஏ.ஐ. சொல்லும் பதிலைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நாம் கேட்கும் கேள்வியைப் பற்றியும் பேச வேண்டிய நேரம் இது.

2023 ஜூன் 8, நியூயார்க். மன்ஹாட்டனில் உள்ள கூட்டாட்சி மாவட்ட நீதிமன்ற அறையில் உட்கார இடமில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொழில் பார்த்த ஒரு வழக்கறிஞர், நீதிபதி கெவின் காஸ்டல் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் தடுமாறித் தடுமாறிப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் தயாரித்துக் கொடுத்த மனுவில் முன்னுதாரணமாகக் காட்டிய தீர்ப்புகளில் ஆறு, உலகில் எந்த நீதிமன்றமும் வழங்காதவை. அவற்றில் 'வர்கீஸ்' வழக்கு என்ற ஒன்றை நீதிபதி பிரித்துப் பிரித்துக் கேட்கிறார். ஆரம்பத்தில் அது, இறந்துபோன ஒருவருக்காகக் குடும்பத்தார் ஒரு விமான நிறுவனத்தின் மேல் தொடுத்த வழக்கு. கொஞ்சம் தள்ளிப் போனால், விமானத்தில் போக முடியாமல் கூடுதலாகச் செலவழித்த வேறொரு வர்கீஸின் வழக்காக அது மாறிவிடுகிறது. ஒருமுறை நிதானமாகப் படித்திருந்தாலே பிடிபட்டிருக்கும் உளறல். எழுதிக் கொடுத்தது சாட்ஜிபிடி.

'மெஷின் பொய் சொன்னது' என்று பேசிவிட்டு உலகம் அடுத்த செய்திக்குப் போய்விட்டது. ஆனால் அதே மாதம் 22-ஆம் தேதி காஸ்டல் பிறப்பித்த உத்தரவைப் படித்தால் இன்னொன்றும் தெரிகிறது. வழக்கறிஞர் அந்தக் கருவியிடம் என்னவெல்லாம் தட்டச்சு செய்தார் என்பதை நீதிபதி அதில் பதிவு செய்திருக்கிறார். விமானப் பயணத்தில் உணவு வண்டி முழங்காலில் இடித்ததாக ஒரு பயணி விமான நிறுவனத்தின் மேல் தொடுத்த வழக்கு அது. சர்வதேச விமானப் பயணத்துக்கான மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போட்டிருக்க வேண்டும், காலம் கடந்துவிட்டது. இடையில் அந்த விமான நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரியிருந்ததால் காலக்கெடு நின்றுபோனது என்று வாதாடினால்தான் வழக்கு பிழைக்கும். எனவே பயணியின் வழக்கறிஞரான அவர் கொடுத்த முதல் கட்டளை, 'காலக்கெடு நின்றுபோனது என்று வாதிடு.' எந்த நாட்டில் வழக்குத் தொடுக்கிறீர்களோ அந்த நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது என்று கருவி ஓர் எச்சரிக்கையையும் சேர்த்தே பதில் சொன்னது. அவர் அங்கே நிற்கவில்லை. 'இதற்கு ஆதரவான தீர்ப்புகளைக் கொடு', 'குறிப்பாகக் காட்டு', 'இன்னும் காட்டு' என்று போய்க்கொண்டே இருந்தார். கேட்கக் கேட்க அது கற்பனையாக உருவாக்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தது.

இந்தக் கட்டளைகளில் இலக்கணக் குறை கிடையாது. சுருக்கமானவை, நேரடியானவை. 'ஏ.ஐ.யிடம் தெளிவாகக் கேளுங்கள்' என்று ஊரெல்லாம் சொல்லப்படும் அறிவுரைக்கு மேலோட்டமாகப் பார்த்தால் இவை பொருந்தவே செய்கின்றன. கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. சட்டம் தன் கட்சிக்காரருக்குச் சாதகமா பாதகமா என்பதுதான் அவருக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டியது. அதை அவர் கேட்கவே இல்லை. சாதகம் என்று தானே முடிவு செய்துகொண்டு, அதற்குச் சான்று மட்டும் கேட்டார். கேள்விக்குள்ளேயே பதிலை வைத்துவிட்டால், எதிரே இருப்பவர் அதை எடுத்து நீட்டுவதைத் தவிர என்ன செய்வார்? தெளிவு என்பது சொல்லழகில் இல்லை. நமக்கு எது தெரியும், எது தெரியாது, வரும் பதிலை எதை வைத்துச் சோதிக்கப் போகிறோம் என்பதைக் கேட்பதற்கு முன்பே தீர்மானிப்பதில் இருக்கிறது. இந்தக் கட்டுரையின் வாதம் இவ்வளவுதான். இதற்கு வலுவான மறுப்புகளும் உண்டு. அவற்றையும் பார்க்கத்தான் வேண்டும்.

வெற்றிடம் விடாத கருவி

சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட் போன்றவற்றின் உள்ளே இருப்பது மொழி மாதிரி. ஏராளமான எழுத்தைப் படித்து, ஒரு தொடருக்கு அடுத்து எந்தச் சொல்துண்டு வரக்கூடும் என்று கணிக்கப் பழகியது. அதன்பின், மனிதர்கள் எந்தப் பதிலை விரும்புகிறார்கள் என்பதைக் காட்டிக் காட்டி மேலும் பழக்குகிறார்கள். இந்த இரண்டாம் பாடத்தில் ஓர் ஆபத்து இருக்கிறது: மனிதருக்குப் பிடித்த பதிலும் சரியான பதிலும் எப்போதும் ஒன்றல்ல. 2025 ஏப்ரலில் ஓபன்ஏஐ நிறுவனம் தன் ஜிபிடி-4ஓ மாதிரியில் செய்த ஒரு மாற்றத்தைச் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. கேட்பவர் சொல்வதற்கெல்லாம் அளவுக்கு மீறி ஆமாம் போடுகிறது, புகழ்கிறது என்பதே காரணம்.

இதைவிட முக்கியமான இன்னொரு குணம், நாம் சொல்லாமல் விட்ட இடத்தை அது பெரும்பாலும் காலியாக விடுவதில்லை. யாருக்கு எழுதுகிறோம், எந்த ஊர், எந்தச் சட்டம், எவ்வளவு தொகை என்று சொல்லாவிட்டால், எழுதப்பட்ட எழுத்துக்களில் பொதுவாக எது காணக்கிடைக்கிறதோ அதைப் போட்டு நிரப்பிவிடும். படிக்கும்போது ஓட்டை தெரியாது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த குமாஸ்தா விவரம் போதவில்லை என்றால் தலையைச் சொறிந்துகொண்டு நம் மேசைக்குத் திரும்பி வருவார். அந்தத் தயக்கமே நமக்கு எச்சரிக்கை. இந்தக் கருவிக்கு அந்தத் தயக்கம் குறைவு.

94 சதவீதம் 34 ஆனது எப்படி?

ஏ.ஐ.யோடு நாம் பேசும் பேச்சின் தரம் எவ்வளவு பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும் என்பதற்கு ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்தி 2025-இல் வெளியிட்ட ஒரு சோதனையைப் போல வேறு சான்று கிடைப்பது கடினம். பிரிட்டனைச் சேர்ந்த 1,298 பேர் பங்கேற்றார்கள். மருத்துவர்கள் எழுதிக் கொடுத்த பத்து நோய்ச் சூழல்கள் அவர்களுக்குப் பிரித்துத் தரப்பட்டன. இது என்ன கோளாறாக இருக்கலாம், வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமா, ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டுமா என்று சொல்ல வேண்டும். சிலருக்கு ஏ.ஐ. துணை இருந்தது. மற்றவர்கள் இணையத் தேடல் போல வழக்கமாகப் பயன்படுத்தும் வழிகளை நாடினார்கள்.

அதே சூழல்களை மனிதர் குறுக்கே வராமல் நேரடியாக ஏ.ஐ.யிடம் கொடுத்தபோது, 94.9 சதவீதத் தருணங்களில் பொருத்தமான நோயை அது குறிப்பிட்டது. அதே ஏ.ஐ.யோடு மனிதர்கள் பேசி முடிவுக்கு வந்தபோது 34.5 சதவீதத்துக்கும் கீழே விழுந்தது. ஏ.ஐ. துணை இல்லாதவர்களைவிட இவர்கள் எந்த வகையிலும் மேலாகச் செய்யவில்லை. அறிவு கருவிக்குள் இருந்தது. அது மனிதர் கைக்கு வந்து சேரவில்லை. உரையாடல்களைப் புரட்டிப் பார்த்த ஆய்வாளர்கள் கண்டது, பலர் அறிகுறிகளை அரைகுறையாகச் சொல்லியிருந்தார்கள் என்பது. கருவி சரியான பெயரைச் சொன்ன பிறகும், பல பெயர்களுக்கு நடுவில் அதை அடையாளம் காண முடியாமல் தவறவிட்டவர்களும் உண்டு. மூளையைச் சுற்றி ரத்தக்கசிவு ஏற்படும் ஒரு சூழலில், ஏறக்குறைய ஒரே மாதிரி எழுதிய இருவரில் ஒருவருக்கு 'இருட்டறையில் படுத்து ஓய்வெடுங்கள்' என்றும் மற்றவருக்கு 'உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்' என்றும் பதில் வந்திருக்கிறது. இங்கே தவறு கேட்டவர்மேல் மட்டும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நல்ல மருத்துவர் நோயாளியிடம் முதலில் பதில் சொல்வதில்லை, கேட்கிறார். எப்போது தொடங்கியது, படிப்படியாகவா சட்டென்றா, வேறு மாத்திரை சாப்பிடுகிறீர்களா? எது முக்கியம் என்று நோயாளிக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். ஏ.ஐ.யோடு பேசும்போது இந்த வேலை நம் தலையில் விழுகிறது. இதற்கு ஒரு நேரடியான வழி உண்டு: 'பதில் சொல்வதற்கு முன் உனக்குத் தெரிய வேண்டியதை என்னிடம் கேள்' என்று சொல்லிவிடுவது. ஆனாலும் நெஞ்சு வலிக்கும் திடீர்த் தலைவலிக்கும் அழைக்க வேண்டிய எண் 108. அங்கே கேள்வியைச் செப்பனிட்டுக்கொண்டிருக்க நேரமில்லை.

மனு எழுதிக் கொடு!

மருத்துவத்தைவிட அன்றாடமாக நம் ஊரில் இந்தக் கருவிகள் புகக்கூடிய இடம் மனுவும் கடிதமும். தகவல் உரிமைச் சட்ட மனுவை எடுத்துக்கொள்வோம். மூன்றே மாதத்தில் தெருச்சாலை பெயர்ந்துவிட்டது. கோபத்தோடு ஒருவர் ஏ.ஐ.யிடம் மனு கேட்கிறார். சரளமான தமிழில் ஒரு பக்கம் வருகிறது. 'ஏன் தரமற்ற முறையில் சாலை போடப்பட்டது? இதற்கு யார் பொறுப்பு? மக்களின் சிரமத்துக்கு அரசு என்ன பதில் சொல்லப்போகிறது?' படிக்கும்போது நெஞ்சு நிமிரும். ஆனால் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கிடைப்பது, அரசு அலுவலகத்திடம் பதிவாக இருக்கும் தகவல். 'ஏன்' என்ற கேள்விக்குப் புதிதாக விளக்கம் எழுதித் தரும் கடமை பொதுத் தகவல் அலுவலருக்கு இல்லை. 30 நாள் காத்திருந்துவிட்டு, 'நீங்கள் கேட்டது தகவல் என்ற வரையறைக்குள் வரவில்லை' என்ற ஒற்றை வரியை வாங்கிக்கொண்டு மேல்முறையீட்டுக்கு அலைய வேண்டியிருக்கும்.

பெட்டிச் செய்தி: ஒரே சாலை, இரண்டு கேள்விகள்

முதல் வகை: 'எங்க தெரு ரோடு மூணு மாசத்துல பேந்துபோச்சு. ஆர்.டி.ஐ. மனு எழுதிக் கொடு.'

இரண்டாம் வகை: 'எங்கள் நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்ட மனு வேண்டும். தெருவின் பெயர், வார்டு எண், சாலை போட்ட மாதம் மூன்றையும் கீழே தந்திருக்கிறேன். எனக்கு வேண்டியவை ஆவண நகல்கள்: மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகத்தின் தொடர்புடைய பக்கங்கள், தரப் பரிசோதனை அறிக்கை, ஒப்பந்ததாரருக்குத் தொகை வழங்கிய விவரம். 'ஏன்' என்று தொடங்கும் கேள்வி எதுவும் வேண்டாம். நான் தராத சட்டப் பிரிவையோ அரசாணை எண்ணையோ நீயாகச் சேர்க்காதே. விவரம் போதாத இடத்தில் கோடிட்டுக் காலியாக விடு.'

இரண்டாவதை எழுதியவருக்கு மொழிப் புலமை கூடுதலாகத் தேவைப்படவில்லை. சாலையை நகராட்சி போட்டதா நெடுஞ்சாலைத் துறை போட்டதா என்று விசாரித்திருக்கிறார். எந்தக் காகிதம் கிடைத்தால் உண்மை வெளிவரும் என்று யோசித்திருக்கிறார். 'இவ்வளவு தெரிந்தவருக்கு ஏ.ஐ. எதற்கு?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எந்த ஆவணங்களைக் கேட்பது என்பது தெரியாதவர் அதையே முதல் கேள்வியாக வைக்கலாம்: 'ஒரு சாலைப் பணியில் வழக்கமாக என்னென்ன ஆவணங்கள் உருவாகும்? பட்டியல் கொடு, மனு இப்போது வேண்டாம்.' வந்த பட்டியலை விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு அடுத்த படிக்குப் போகலாம். ஒரே மூச்சில் முழு மனுவையும் வாங்கிவிடும் அவசரத்தில்தான் சரிபார்க்கும் இடங்கள் காணாமல் போகின்றன. 'காலியாக விடு' என்ற இரண்டு சொற்களை நான் மிகவும் மதிப்பேன். தெரியாது என்று சொல்வதற்கு அந்தக் கருவிக்கு நாம் கொடுக்கும் அனுமதி அது.

மந்திரம் விற்பவர்கள்

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்தாக வேண்டும். 'இந்த ஐம்பது வாக்கியங்களை மனப்பாடம் செய்தால் ஏ.ஐ. உங்கள் கைக்குள்' என்று வகுப்புகளும் காணொளிகளும் விற்பனையாகின்றன. இதற்கு ஓர் அறிவியல் அடித்தளம் இருந்தது உண்மைதான். 2022-இல் டோக்கியோ பல்கலைக்கழக, கூகுள் ஆய்வாளர்கள், 'படிப்படியாக யோசிப்போம்' என்ற ஒற்றைத் தொடரைச் சேர்த்ததும் ஒரு கணக்குத் தேர்வில் சரியான விடைகள் 17.7 சதவீதத்திலிருந்து 78.7 ஆக உயர்ந்ததைக் காட்டினார்கள். ஆனால் அந்தத் தலைமுறைக் கருவிகளின் குணம் அது. இப்போதைய மாதிரிகளில் பல, யாரும் சொல்லாமலே அப்படி யோசிக்கப் பழக்கப்பட்டவை. நேற்றைய மந்திரம் இன்று வெறும் சத்தம்.

அதைவிடக் கவலை தருவது 2023-இல் ஹார்வர்டு வணிகப் பள்ளி ஆய்வாளர்கள் பாஸ்டன் கன்சல்டிங் குழுமத்தின் 758 ஆலோசகர்களை வைத்து நடத்திய ஆய்வு. ஏ.ஐ. திறமையாகச் செய்யும் வேலைகளில் அதைப் பயன்படுத்தியவர்கள் விரைவாகவும் தரமாகவும் செய்தார்கள். ஆனால் ஒரு வேலையை வேண்டுமென்றே பொறியாக வைத்திருந்தார்கள். அட்டவணையில் இருக்கும் எண்கள் ஒன்றைச் சொல்லும். நேர்காணல் குறிப்புகளுக்குள் அதை மாற்றிவிடும் துப்பு ஒன்று ஒளிந்திருக்கும். ஏ.ஐ. இல்லாமல் செய்தவர்களில் சுமார் 84 சதவீதம் பேர் சரியாகச் சொன்னார்கள். ஏ.ஐ. வைத்திருந்தவர்களில் சுமார் 70. கருவியிடம் எப்படிக் கேட்பது என்ற பயிற்சியும் சேர்த்துப் பெற்றவர்களில் சுமார் 60.

நான் முன்வைக்கும் வாதத்துக்கு எதிரான ஆகக் கடுமையான சான்று இதுவே. கேட்கப் பழகியவர்களே அதிகம் தவறினார்கள் என்றால், தெளிவாகக் கேட்பதால் என்ன லாபம்? பயிற்சி தவறுக்கு ஏன் துணைபோனது என்பதை அந்த எண்கள் மட்டும் நிரூபித்துவிடாது. என் வாசிப்பு இது: கேட்கும் திறன் வளர்ந்தது, சோதிக்கும் பழக்கம் கூடவே வளரவில்லை. பதில் செறிவாகவும் ஒழுங்காகவும் வரவர அதன்மேல் நம்பிக்கை கூடுகிறது. மூலக் குறிப்புகளைத் தானே மறுபடி படிக்கும் உந்துதல் குறைகிறது. ஆகவே, எந்தச் சான்றை வைத்து முடிவுக்கு வந்தாய், என் குறிப்புகளில் இந்த முடிவுக்கு எதிராக எது இருக்கிறது என்று கேட்பதும் கேள்வியின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும். அப்படிக் கேட்டு வாங்கியதையும் மூலத்தோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். நியூயார்க் வழக்கறிஞரும் 'இது உண்மையான வழக்கா?' என்று கேட்கத்தான் செய்தார். ஆனால் அதே சாட்ஜிபிடியிடம் கேட்டார். ஆமாம், சட்டத் தரவுத்தளங்களில் இருக்கிறது என்று அது சொன்னது. அவர் நம்பினார். அவருக்கும் உடன் பணியாற்றியவருக்கும் அவர்கள் நிறுவனத்துக்கும் சேர்த்து 5,000 டாலர் அபராதம் விழுந்தது.

பொறுப்பு யார் தலையில்?

அடுத்த மறுப்பு நியாயத்தைப் பற்றியது. கருவியைச் செய்து விற்பவர்களை விட்டுவிட்டுப் பயன்படுத்துபவரைக் குறை சொல்வது சரியா? சரியில்லை. ஏர் கனடா நிறுவனத்தின் இணையதளத்தில் இருந்த உரையாடல் செயலி, உறவினர் இறப்புக்காகப் பயணம் செய்வோருக்கான கட்டணச் சலுகையைப் பற்றி ஒரு பயணிக்குத் தவறான தகவல் தந்தது. அந்தச் செயலி சொன்னதற்குத் தாங்கள் பொறுப்பல்ல என்ற வாதத்தை ஏற்க மறுத்து, 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம் பயணிக்கு இழப்பீடு தரச் சொன்னது. அந்தப் பயணி தெளிவாகத்தான் கேட்டிருந்தார். பொதுமக்கள் முன் ஒரு கருவியை நிறுத்துபவரே அது சொல்வதற்கும் பொறுப்பு. நாமே ஒரு கருவியைத் தேர்ந்து, அது எழுதியதன் கீழ் நம் கையெழுத்தைப் போட்டால் அந்தப் பொறுப்பு நம்முடையது. இரண்டையும் போட்டுக் குழப்புவது நிறுவனங்களுக்கு மட்டுமே வசதி.

கருவிகள் வளர்ந்துகொண்டே போகின்றன, நாளைக்கு அரைகுறையாகச் சொன்னாலும் புரிந்துகொள்ளும் என்று சொல்பவர்களும் உண்டு. ஓரளவு உண்மை. எழுத்துப்பிழையும் பேச்சுநடையும் இன்று அவற்றுக்குப் பெரிய தடையில்லை. ஆனால் நம் மனத்தில் இருப்பதை நாம் சொல்லாமல் எந்தத் திறமையாலும் அறிய முடியாது. அதோடு, இப்போதைய கருவிகள் பதில் சொல்வதோடு நிற்பதில்லை. மின்னஞ்சல் அனுப்புகின்றன, கோப்புகளை மாற்றுகின்றன. தவறாகப் புரிந்துகொண்ட ஒரு சொல், முன்பு தவறான ஒரு பத்தியாக வந்தது. இனி நடந்து முடிந்த செயலாக வரும்.

இங்கே தெளிவின் எல்லையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2025 ஜூலையில் ரெப்ளிட் என்ற மென்பொருள் உருவாக்கத் தளத்தின் ஏ.ஐ., எதையும் மாற்றக் கூடாது என்று பயனர் திட்டவட்டமாகச் சொல்லியிருந்தும், புழக்கத்தில் இருந்த தரவுத்தளத்தை அழித்துவிட்டது. மீட்க முடியாது என்றும் சொன்னது. பிறகு பார்த்தால் மீட்க முடிந்தது. நிறுவனத்தின் தலைவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, சோதனைத் தரவையும் புழக்கத் தரவையும் பிரித்து வைக்கும் ஏற்பாட்டை அறிவித்தார். 'தொடாதே' என்று சொல்வது வேறு, கதவைப் பூட்டுவது வேறு. அழிக்கும் அதிகாரத்தையே கொடுக்காமல் இருப்பதுதான் அங்கே தேவை.

பெட்டிச் செய்தி: தமிழில் கேட்டால்?

ஏ.ஐ. எழுத்தை 'டோக்கன்' எனப்படும் துண்டுகளாக நறுக்கித்தான் படிக்கிறது. ஆங்கிலத்தை ஒட்டி வடிவமைத்த முறைகளில் தமிழ் மிகப் பொடியாக நறுக்கப்பட்டது. ஒரே செய்திக்குக் கூடுதல் துண்டுகள், கூடுதல் செலவு. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வெளியானபோது, ஒரு மாதிரித் தமிழ்ப் பத்திக்கு முன்பு 116 டோக்கன் தேவைப்பட்ட இடத்தில் இப்போது 35 போதும் என்று ஓபன்ஏஐ காட்டியது.

ஆங்கிலம் தெரிந்தவருக்கே ஏ.ஐ. வசப்படும் என்ற அச்சம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது. ஆங்கிலத் தரவு மிகுதி என்பதால் அதில் பதில்கள் பல துறைகளில் இன்னும் வலுவாக இருக்கின்றன, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மேலே பார்த்த எந்தத் தவறும் ஆங்கிலம் தெரியாததால் நேர்ந்தது அல்ல. மன்ஹாட்டன் வழக்கறிஞரும் ஆக்ஸ்ஃபோர்டு சோதனையில் பங்கேற்றவர்களும் புழங்கிய மொழி ஆங்கிலமே. பேச்சுத்தமிழில் கேட்டாலும், தேதி, தொகை, ஊர், யார் யாருக்கு எழுதுவது என்பதெல்லாம் இருந்தால் கேள்வி முழுமையானது. யாருக்கு என்று சொல்லாவிட்டால், ஒரே கடிதத்தில் அதிகாரியை ஒரு வரியில் 'நீங்கள்' என்றும் அடுத்த வரியில் 'நீ' என்றும் விளிக்கும் பதில் வரக்கூடும். பத்தாம் வகுப்புத் தமிழில் கடிதமும் உண்டு, படிவம் நிரப்பும் பயிற்சியும் உண்டு. வார்ப்பில் எழுதி மதிப்பெண் வாங்குவதோடு அவை நின்றுவிடாமல், ஒரு கோரிக்கையில் என்னென்ன விவரம் விடுபட்டிருக்கிறது என்று மாணவர் கண்டுபிடிக்கும் பயிற்சியும் சேர்ந்தால், அந்தப் பாடவேளைக்குப் புதுப் பயன் கிடைக்கும்.

கேள்வியையும் கோப்பில் வையுங்கள்

நிறுவனங்களும் அரசும் செய்ய வேண்டியது இன்னொன்று உண்டு. 2025 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் தன் மாவட்ட நீதித்துறைக்கு ஏ.ஐ. பயன்பாட்டுக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. தீர்ப்புக்கோ முடிவுக்கோ ஏ.ஐ.யைப் பயன்படுத்தக் கூடாது. வேறு பணிகளில் பயன்படுத்தினால், எந்தக் கருவி, மனிதர் எப்படிச் சரிபார்த்தார் என்பதைப் பதிவு செய்து வைக்க வேண்டும் என்கிறது அது. நம் அலுவலகங்களில் ஏ.ஐ. எழுதிய வரைவு மேசை மாறி மேசை போகிறபோது, அது எந்தக் கேள்விக்கு வந்த பதில் என்பது இரண்டாவது மேசையிலேயே தொலைந்துவிடும். உதவியாளர் கேட்டது 'இந்தத் திட்டத்தின் குறை நிறைகள்' என்றா, 'இந்தத் திட்டத்தை ஆதரித்து எழுது' என்றா என்பது கையெழுத்திடும் அதிகாரிக்குத் தெரியாது. இரண்டும் ஒரே மாதிரி ஒழுங்கான பத்திகளாகத்தான் அவர் முன் வந்து நிற்கும். கோப்பில் வரைவுக்குப் பக்கத்தில் அந்தக் கேள்வியையும் அச்சிட்டு வைக்க ஆகும் செலவு ஒரு தாள். அதைக் கட்டாயமாக்க ஒரு சுற்றறிக்கை போதும்.